கொல்லைத் துணி, வீட்டுத் துணி, வெளித்துணி: கடலூர்ப் பக்கம் உடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் இடையில் ஒரு கிராமத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டில் தறி இருந்தது. அப்பா கைலி நெய்தார். ஆகவே இந்தப் பக்கத்து மனிதர்களின் உடம்பு அளவும், அவர்கள் எந்த நாளில் எதை உடுத்துவார்கள் என்பதும் எனக்கு ஓரளவு அத்துப்படி. விசேஷத்துக்கு வரும் சென்னைக்காரர்கள், மாற்றலாகி வரும் ஆசிரியைகள், வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள் எல்லோரும் அளவு கொடுத்துக்கொண்டே கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம் என்றாள் என் மகள். எழுதிவிட்டேன்.

கிராமத்தில் துணி விஷயம் எளிமைதானே? எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரியும். எங்கள் வீடுகளில் பீரோ சின்னது, கணக்குப் பெரியது. எந்த வீட்டுக்குள் போனாலும் துணி நாலு குவியலாக இருக்கும். கொல்லைத் துணி, வீட்டுத் துணி, வெளித்துணி, பெட்டித் துணி. கொல்லை என்றால் இந்தப் பக்கம் வீட்டுப் பின்புறம் மட்டுமல்ல, மேட்டு நிலமும் அதன் வேலையும் சேர்ந்தது. பெட்டித் துணி என்பது பாச்சை உருண்டை வாசனையோடு டிரங்குப் பெட்டியிலோ பீரோவின் மேல் தட்டிலோ உறங்குவது.

என் சின்னம்மாவின் ஒரு சேலையைச் சொல்கிறேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. ஒரு தீபாவளிக்குப் புதுச்சேரி போய் எடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் பெட்டியில் இருந்தது. கல்யாணம், வளைகாப்பு தவிர வெளிச்சம் பார்க்கவில்லை. ஒரு பந்தலில் ஆணி மாட்டிக் கரையோரம் இழை விட்டது. அன்றோடு அது வெளித்துணி ஆனது: பேங்க், ஆஸ்பத்திரி, பேரனின் பள்ளிக்கூடம். கொசுவ மடிப்பு நைந்ததும் வீட்டுத் துணி. சாயம் போனதும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கொல்லைக்குப் போனது. முந்தானைப் பக்கம் கிழிந்தபோது உறுதியாக இருந்த பாதியை உத்தரத்தில் கட்டிப் பேத்திக்கு ஏணை ஆக்கினார். இப்போது ஒரு துண்டு என் கடையில் தையல் மிஷினை மூடுகிறது, இன்னொரு துண்டு சின்னம்மாவின் அடுப்படியில் கரித்துணி. மொத்தம் ஒன்பது ஆண்டுகள். நடுவில் ஒரு நாள்கூட அந்தச் சேலை தன் குவியலை விட்டு மேல் குவியலுக்கு ஏறியதில்லை. இறங்கத்தான் செய்யும், ஏறாது.

எந்தக் குவியலில் கை வைப்பது என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பைப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போய் வெட்டக் கொல்லைத் துணி போதும். அடுத்த தெருவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போக வெளித்துணி வேண்டும். யார் கண்ணில் படப்போகிறோம், அவர்களுக்கு நாம் என்ன மரியாதை வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. மினுக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நகரத்திலிருந்து வருபவர்கள் நினைக்கும் பாதி இடங்களில் நடப்பது இந்த மரியாதைதான்.

வயலில் வேலை செய்யும் பெண்கள் ஏன் சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போடுகிறார்கள்?

கரும்புச் சோகையின் ஓரம் அரம் மாதிரி அறுக்கும். நெல் வயலில் தாள் குத்தும். சித்திரை வெயில் முழங்கையைக் கருக்கும். வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை இதற்கெல்லாம் ஒரே பதில். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் நின்று பாருங்கள், வரிசையாக ஆண் சட்டைகள்தான், தலையில் துண்டு. இன்னொரு காரணத்தை யாரும் எழுதுவதில்லை: சட்டையில் பை இருக்கிறது. ரவிக்கையில் பை கிடையாது. வெற்றிலைப் பொட்டலம், பஸ் காசு, இப்போது கைப்பேசி, எல்லாம் அந்த இடது பக்கப் பைக்குள். என்னிடம் பெண்கள் அவர்களுடைய சட்டையைக் கொண்டுவந்து கேட்கும் ஒரே திருத்தம், "அக்கா, பையைக் கொஞ்சம் ஆழமாக வைத்துத் தைத்துக் கொடு" என்பதுதான்.

வேலை முடிந்து தெருவுக்குள் நுழைவதற்கு முன் அந்தச் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் குளத்து மதகுதான் அந்த இடம். யாரும் விதி எழுதவில்லை. மதகுக்கு அப்பால் சட்டை, மதகுக்கு இப்பால் சேலை.

நைட்டியோடு எவ்வளவு தூரம் போகலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். புது மருமகள்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

பெயரில்தான் நைட் இருக்கிறது. எங்கள் ஊரில் அது பகல் உடை. வாசல் தெளிக்க, தண்ணீர் பிடிக்க, வண்டியில் வரும் மீன்காரரிடம் சங்கரா பேரம் பேச நைட்டி போதும். தெருவைக் கடக்க வேண்டுமானால் தோளில் ஒரு துண்டு, முன்பக்கம் விழும்படி. துண்டு வந்துவிட்டால் ரேஷன் கடை வரையிலும் செல்லும். பஸ் ஏற முடியாது. பள்ளி ஆசிரியரைப் பார்க்கப் போகக் கூடாது. மாமனார் வழி ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் சில வீடுகளில் துண்டு இருந்தாலும் பின்வாசல் வழியாகத்தான்.

நான் கடை போட்ட புதிதில் ஒரு அம்மா மருமகளின் நைட்டியைக் கொண்டுவந்து, "இதில் இருக்கும் லேஸையெல்லாம் பிரித்துவிடு, கழுத்தை மேலே ஏற்று, அங்கி மாதிரி ஆக்கிவிடு" என்றார். பிரித்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அதே அம்மா தனக்கு ஒன்று தைக்கச் சொல்லித் துணியோடு வந்தார். முட்டி வலி, சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ முடியவில்லை. "பருத்தியாக இருக்கட்டும், பக்கவாட்டில் ஒரு பை வை" என்றார். லேஸ் வேண்டாமா என்று கேட்டேன். முறைத்தார்.

நைட்டியைக் குறை சொல்லும் ஆண்கள் எல்லோரும் வாசலில் மேல்சட்டை இல்லாமல் கைலியோடு உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். கடற்கரை ஓர மாவட்டம். மே மாதக் கத்திரியில் புழுக்கம் உடம்பைப் பிழியும். அவர்களுக்கு வேர்ப்பதுபோலத்தான் எங்களுக்கும் வேர்க்கிறது.

கைலிக்கும் வேட்டிக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் இடுப்பில் கட்டுவதுதானே?

அப்பா இருந்திருந்தால் இந்தக் கேள்வி கேட்டவருக்கு மோர் கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

கைலி கட்டம் போட்டது, கலர், சுமார் இரண்டு மீட்டர். இரண்டு ஓரத்தையும் மூட்டினால் மூட்டிய கைலி, மூட்டாமல் கட்டினால் மூட்டாத கைலி. வயதானவர்கள் பலருக்கு மூட்டாததுதான் பிடிக்கும், உதறிப் போர்த்திக்கொள்ளலாம். வேட்டி வெள்ளை, கரை வைத்தது. நாலு முழம் ஒற்றை, எட்டு முழம் இரட்டை. குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பேர் போன ஊர். நல்ல கைத்தறிக் கைலி முதல் துவைப்பில் விறைப்பாக இருக்கும், பத்தாவது துவைப்பில்தான் உடம்போடு பேச ஆரம்பிக்கும். விசைத்தறிக் கைலி முதல் நாளே வழுவழுப்பாக இருந்து மூன்றாவது மாதம் வெளுத்துவிடும். விலையில் பாதி, வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

எங்கே எது என்றால், கைலி வீட்டுக்கும் தெருவுக்கும் டீக்கடைக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுவே கொல்லைத் துணியும்கூட. தேவனாம்பட்டினத்தில் உள்ளே அரைக்கால் சட்டை, மேலே கைலி, வலையை இழுக்கும்போது கைலி இடுப்புக்குமேல் போய்விடும். பஞ்சாயத்தில் உட்கார, பெண் பார்க்க, தாலுகா அலுவலகம் போக வேட்டி அல்லது பேண்ட். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கணக்கு வேறு. அங்கே வெள்ளைக் கைலி விசேஷ உடை. மடிப்புக் கலையாமல் பள்ளிவாசலுக்குப் போவார்கள். அதை இந்துத் தெருக் கணக்கால் அளக்கக் கூடாது.

வேட்டியை மடித்துக் கட்டினால் தப்பா?

தப்பில்லை. எப்போது இறக்கிவிட வேண்டும் என்று தெரியாமல் இருப்பதுதான் தப்பு. நடக்கும்போது, சைக்கிள் மிதிக்கும்போது, பந்தியில் பரிமாறும்போது மடித்துக் கட்டலாம். எதிரே பெரியவர் வந்தால், தெரிந்த வீட்டுப் பெண் வந்தால், சாமி வந்தால் சட்டென்று அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். வணக்கம் என்று வாயால் சொல்வதைவிட அந்த இறக்கம் பெரிய வணக்கம். பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் இறக்கிவிட்டிருந்த வேட்டியை மெதுவாக மடித்துக் கட்ட ஆரம்பித்தால், பேச்சு கைகலப்புக்குப் போகிறது என்று பொருள். நகர்ந்துவிடுங்கள்.

ஒட்டிக்கோ வேட்டி கட்டி வருகிறவர்களுக்கு இந்த மொழி பாதிதான் பேச வரும். அவிழாது என்பது உண்மைதான்.

வேட்டிக்கு ஒரு சட்டமே இருக்கிறது. 2014 சூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, வேட்டிக்காக யாரையும் பொது இடத்தில் தடுக்கக் கூடாது என்று தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. வேட்டியைத் தடுக்கவும் ஒரு இடம் உண்டா என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

எந்தக் கரை வேட்டி வாங்குவது?

வெளியூர்க்காரர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். கருப்பு சிவப்பு, கருப்பு வெள்ளை சிவப்பு, நீலம் மஞ்சள் சிவப்பு, நீலம் சிவப்பு: இவை கரை அல்ல, கட்சி. இந்த மாவட்டத்தில் கடைசி இரண்டுக்கும் சாதி நிறமும் ஏறிக்கிடக்கிறது. அழகாக இருக்கிறதே என்று எடுத்துக் கட்டி வந்து, மாமன் வீட்டுப் பந்தலில் யாரும் தன்னோடு பேசவில்லையே என்று வருத்தப்பட்ட ஒரு மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். மயில்கழுத்துப் பச்சை, அரக்கு, தங்கச் சரிகை இதில் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கு என்ன உடுத்தி வருவது? ரொம்ப ஆடம்பரமாகத் தெரியாமல் இருக்கச் சாதாரணமாக வரலாமா?

வரக் கூடாது. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நகரத்திலிருந்து வரும் சிலர், கிராமத்து விசேஷம்தானே என்று காட்டன் குர்த்தாவும் ரப்பர் செருப்புமாக வருகிறார்கள். அது அடக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். விசேஷ வீட்டார் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும்: இவர்கள் தங்கள் அலுவலக விருந்துக்கு இப்படிப் போவார்களா? நம் வீடு என்பதால்தானே? ஆறு மாதம் வட்டிக்கு வாங்கிப் பந்தல் போட்டிருக்கிறவர் முன்னால் கசங்கிய சட்டையோடு நின்றால், அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடச் சொல்வார். மனதில் குறித்துக்கொள்வார்.

பெண்கள் பட்டு, அல்லது பட்டு மாதிரி. புவனகிரிப் பட்டு பக்கத்திலேயே கிடைக்கிறது. தலையில் பூ இல்லாமல் பட்டு கட்டுவது இங்கே பாதி அலங்காரம்தான். மல்லியோ கனகாம்பரமோ, விசேஷ வீட்டு வாசலில் தட்டில் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. பேண்ட்டும் சரிதான்.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கு ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். ஒரே காலையில் அந்த மலைமேல் எத்தனை கல்யாணம் என்று எண்ண முடியாது. கல்யாண மண்டபத்துக்கு வசதி இல்லாதவர்களும், வசதி இருந்தும் வேண்டுதல் உள்ளவர்களும் ஒரே படியில் ஏறுவார்கள். சேலையை வைத்து யார் யார் என்று பிரிக்கவே முடியாது. அன்றைக்குப் பெட்டியில் இருப்பதில் உயர்ந்ததை எல்லோரும் எடுத்திருப்பார்கள்.

இப்போது புதிதாக வந்திருப்பது ஒரே மாதிரிச் சேலை. தாய்மாமன் சீர் தூக்கி வரும் பெண்கள் முப்பது பேரும் ஒரே நிறம், ஒரே கரை. பையன்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரே துணியில் சட்டை. கடையில் எனக்கு நல்ல வேலை, ஆனால் முப்பது பேரின் அளவு ரவிக்கையையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, எது யாருடையது என்று எழுதாமல் போகிறவர்களை என்ன செய்வது?

நகை இல்லை. கவரிங் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களா?

கண்டுபிடிப்பார்கள். சொல்ல மாட்டார்கள். சிதம்பரம் கவரிங் ஊரெல்லாம் விற்கிறது. சொந்தத் தங்கம் பாதி வீடுகளில் அடகுக் கடையில் இருக்கிறது. கேட்கிறவருக்கும் அதே நிலை என்பதால் கேட்பதில்லை.

சாவு வீட்டுக்கு?

இங்கே கணக்குத் தலைகீழ். தகவல் வந்ததும் போட்டது போட்டபடி போக வேண்டும். கைலியோடு இருந்தால் கைலியோடு, மேலே ஒரு சட்டை. மடிப்புக் கலையாத சட்டை, பளிச்சென்ற சேலை, புதுத்துணி, பூ எதுவும் கூடாது. தலை சீவிக்கொண்டு நின்ற நேரத்தில் இவருக்குச் சேதி உறைக்கவில்லை போலிருக்கிறது என்பார்கள். திரும்பி வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள். அந்தத் துணியை அப்படியே நனைத்துவிட வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போது நிலைமை மாறும். அன்று உறவுமுறைக்காரர்கள் புதுத்துணி எடுத்து வருவார்கள். நீங்களும் வெளித்துணியில் வரலாம்.

கோயிலுக்கு விதி ஏதாவது உண்டா?

2016 சனவரி முதல் தேதியிலிருந்து கோயில்களுக்கு உடை விதி என்று ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தது. அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அந்த உத்தரவு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவளுக்கு ஆடி மாதம் மஞ்சள் சேலை, அவ்வளவுதான். சிதம்பரத்தில் கனகசபை ஏறும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். வடலூரில் தைப்பூச ஜோதி பார்க்க வெள்ளை உடுத்தி வருவார்கள்; வள்ளலார் வெள்ளை உடுத்தியவர் என்பதால். கட்டாயமில்லை, ஆனால் ஏழு திரை விலகும் நேரத்தில் அந்தக் கூட்டத்தின் வெள்ளைக்கு நடுவே சிவப்புச் சட்டையோடு நிற்பது உங்களுக்கே கூச்சமாக இருக்கும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறவர்கள் நனைந்தால் கவலைப்படாத துணியில் வாருங்கள், மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும். பட்டுச் சேலையோடு உப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டு என்னிடம் வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

துண்டை இடுப்பில் கட்டுவதா, தோளில் போடுவதா என்று கேட்டேன். பெரியவர் பேச்சை மாற்றிவிட்டார். ஏன்?

அது துணியைப் பற்றிய கேள்வி இல்லை என்பதால். தோளில் கிடக்கும் துண்டு ஒரு காலத்தில் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. காலனி என்று சொல்லப்படும் தலித் குடியிருப்பு ஆண்கள் ஊர்த்தெரு வழியாகப் போனால் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும், வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தாத்தா காலத்துக் கதை என்று சொல்லி முடிக்கத்தான் ஆசை. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும் எழுபது வயதுக்காரர்கள், தங்கள் கையில் செருப்புத் தூக்கியதைச் சொல்கிறார்கள்.

செருப்புக்கு இந்தக் கரையோரத்தில் நீளமான வரலாறு. புதுச்சேரியில் 1873 இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்குரைஞர் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். அங்கே வெள்ளைக்காரன் அவரிடம் கேட்டதை இங்கே நம் ஆட்கள் நம் ஆட்களிடம் கேட்டார்கள்.

ஆகவே காலனிப் பையன் ஒருவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பளபளக்கும் ஷூ மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றால், "இவனுக்கு எதற்கு இந்த மினுக்கு" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். காலனி முகப்பில் நிற்கும் அம்பேத்கர் சிலை நீலக் கோட்டும் டையுமாக நிற்கிறது, கைலியோடு அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் மகனின் பட்டமளிப்புக்குக் கோட் தைக்க வேண்டும் என்று, அந்தச் சிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்து, காலர் இந்த மாதிரி விழ வேண்டும் என்றார். எனக்குக் கோட் வராது. உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைப்பது தனிக் கலை. கடலூரில் ஒருவரிடம் அனுப்பினேன். உள்ளே போடும் சட்டையை மட்டும் நான் தைத்தேன். காலரை மூன்று முறை பிரித்தேன், எனக்கே திருப்தி வரவில்லை.

புதுச்சேரிக்குப் போனால் பணக்காரர்கள் அரைக்கால் சட்டையில் திரிகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் இஸ்திரி போட்டுப் போகிறார்கள். இது என்ன கணக்கு?

நானும் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து காரில் வந்தவர் பனியனும் அரைக்கால் சட்டையும். பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்த பையன் முழுக்கைச் சட்டை, பெல்ட், நெற்றியில் விபூதி. கசங்கிய துணியில் வந்தாலும் முதலாமவரை ஹோட்டல் வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள். அடுத்தவனை இஸ்திரி போட்டிருந்தாலும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சாதாரணமாக உடுத்துவதற்கும் வசதி வேண்டியிருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் எங்கள் தெரு ஆண்கள் ஷிப்டு முடிந்து கரியோடு வீடு திரும்புவதில்லை. முகம் கழுவி, பையில் கொண்டுபோன சட்டைக்கு மாறித்தான் பஸ் ஏறுவார்கள்.

எங்கள் குடியிருப்பில் பழைய துணி நிறையச் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு அனுப்பலாமா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி இந்தக் கரைக்கு வந்தது. பொத்தான் இல்லாத சட்டை, ஜிப் போன பேண்ட், எங்கோ குளிர் ஊரில் போடும் ஸ்வெட்டர். மீனவர் ஊர்களில் பலர் தொட மறுத்தார்கள். மூட்டைகள் சாலையோரம் வாரக்கணக்கில் கிடந்தன. இவ்வளவு கஷ்டத்திலும் திமிரா என்று பேசியவர்களும் இருந்தார்கள். வீடும் படகும் போன மனிதரிடம், அவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் கழித்துப் போட்டதை நீட்டினால் அவர் வாங்கிக்கொள்ள மாட்டார். அதே ஊர்களில் அக்காவின் சேலையைத் தங்கை கட்டுவாள், அண்ணன் சட்டையைத் தம்பி போடுவான். உறவில் பழசு கிடையாது. முகம் தெரியாதவரிடமிருந்து வந்தால்தான் அது பழசு.

தர வேண்டும் என்று தோன்றினால் ஒரு புதுத் துண்டு, ஒரு புதுக் கைலி எடுத்துத் தாருங்கள். 1983 இலிருந்து பொங்கலுக்கு அரசு தரும் இலவச வேட்டி சேலையை வரிசையில் நின்று வாங்குகிறோம். அது முரடு, நிறம் நம் விருப்பம் இல்லை, ஆனால் மடிப்புப் பிரியாத புதுத்துணி. பாதிப் பேர் அதைக் கொல்லைத் துணியாகத்தான் கட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பலாப் பால், முந்திரிக் கறை போகுமா?

பலாப் பாலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துப் பிறகு சோப்புப் போடுங்கள், போகும். முந்திரிக் கொட்டை எண்ணெய் போகாது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களையே அது வெந்துபோக வைக்கிறது, துணி எம்மாத்திரம்? அந்த வேலைக்கென்று ஒரு சேலையை ஒதுக்கிவிடுவார்கள்.

பெண்கள் ஜீன்ஸ் போட்டு வரலாமா?

வரலாம். இரண்டு நாள் பார்ப்பார்கள். பள்ளிச் சீருடையாகச் சுடிதார் வந்து, பாவாடை தாவணி போனபோதும் இப்படித்தான் பார்த்தார்கள். இப்போது தாவணி கட்டினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தீபாவளிக்கு ரவிக்கை வேண்டும். எப்போது துணி கொடுக்க வேண்டும்?

ஆயுத பூசைக்குள். அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் நான் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். தையல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அளவு ரவிக்கை கொண்டு வாருங்கள், போன ஆண்டின் அளவு இந்த ஆண்டும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். லைனிங் துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

போன தீபாவளிக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு ஒரு ஆயா கதவைத் தட்டினார். கையில் இலவசச் சேலையில் வெட்டிய ரவிக்கைத் துணி. அவ்வளவு பேருக்கும் தைத்து முடித்துவிட்டுக் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன். "காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுசு போட வேண்டாமா?" என்றார். வெட்டித் தைத்து முடிக்க ஒரு மணி ஆனது. கொக்கி வைக்க நேரமில்லை. நாலு ஊக்குக் கொடுத்து அனுப்பினேன். கொக்கி வைக்கப் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தார்.